உரிக்கத் தெரிஞ்ச கைகள்

"கோழி எப்படி வேணும், தோலோடவா, உரிச்சா?" வடசென்னையில எந்தக் கறிக்கடைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். நாமளும் "உரிச்சே குடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு செல்போனை நோண்ட ஆரம்பிச்சுடுவோம். ரெண்டு நிமிஷத்துல கறுப்புக் கவர்ல கறி வந்துடும். அந்த ரெண்டு நிமிஷத்துல நடந்த வேலையை நம்மகிட்ட குடுத்தா செய்வோமா? கோழியை விடுங்க. ஒரு முயல்? ஒரு காடை?

ராயபுரத்துல இருந்து எண்ணூர் தாண்டி பழவேற்காடு வரைக்கும் போற இந்தக் கடலோரப் பட்டையில, சின்ன உயிர்களைப் பிடிச்சு, உரிச்சு, சுத்தம் பண்ணி, சோத்துக்குக் குழம்பாக்கத் தெரிஞ்ச ஜனங்க ரொம்ப காலமா இருந்திருக்காங்க. அந்த வித்தை யார் யார் கை வழியா வந்துச்சு, இப்ப எங்க வந்து நிக்குதுன்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதுறேன். சமையல் குறிப்புன்னு நினைச்சு வந்தவங்களுக்கு நடுவுல கொஞ்சம் கிடைக்கும், கவலைப்படாதீங்க.

சங்க காலத்து மெனு கார்டு

முதல்ல பழைய கதை. நற்றிணையில 59-ஆவது பாட்டுல ஒரு வேட்டுவன் வர்றான். அவன் ஒருநாள் வேட்டையில என்னென்ன சிக்குதுன்னு ஒரு பட்டியலே இருக்கு: உடும்பு, மண்ணைத் தோண்டி எடுத்த தவளை, புத்துல இருந்து ஈசல், அப்புறம் முயல். சிங்கம் புலியெல்லாம் கிடையாது. வீட்டுல இருக்குறவங்க சாப்பிட ஒரு சாதாரண ஆளு ஒருநாள் பூரா அலைஞ்சா கிடைக்கிறது இதுதான்.

புறநானூறு 34-ல பாணர்கள் சுட்ட முயல் கறியைச் சோத்தோட பிச்சுச் சாப்பிடுறாங்க. பெரும்பாணாற்றுப்படை நம்ம தொண்டை மண்டலத்து நூல், காஞ்சியில ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பத்தினது. அதுல எயினர் வீட்டுக்குப் போனா, நாய் பிடிச்சுட்டு வந்த உடும்போட வறுவல் சோத்தோட கிடைக்கும்னு பாணனுக்கு வழி சொல்றாங்க. அதே பாட்டுல எயிற்றியர் பெண்கள் மண்ணைக் கிண்டிப் புல்லரிசி எடுக்குறதும் வருது. மண்ணைக் கிண்டித் தானியம் எடுக்குற இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி திரும்ப வரும்.

ஆனா கவனிச்சீங்கன்னா, பிடிச்சது இருக்கு, சுட்டது இருக்கு, சாப்பிட்டது இருக்கு. உரிச்சது யாரு, எப்படி உரிச்சாங்கங்கிறது பெருசா இல்லை. பாட்டு எழுதினவங்க கையில கத்தி இல்லையே!

மூணு வழி, ஒரே எதிரி

சின்ன உயிரைச் சுத்தம் பண்ண அடிப்படையில மூணு வழி இருக்கு. உரிக்கிறது, பொசுக்குறது, பிடுங்குறது. எதை எதுக்குப் பண்ணணும்ங்கிறதுல ஒரு லாஜிக் இருக்கு.

முயலுக்கு உரிக்கிறது. பின்னங்கால் ரெண்டையும் கட்டித் தலைகீழாத் தொங்கவிட்டு, கணுக்கால்ல வளையம் மாதிரி ஒரு கீறல், அங்கிருந்து தொடை உள்பக்கமா ஒரு கீறல். அப்புறம் கத்திக்கு வேலை கம்மி. பனியனைக் கழட்டுற மாதிரி தோலைக் கீழ்நோக்கி இழுத்தா தலை வரைக்கும் வந்துடும். உடம்பு சூடு ஆறுறதுக்குள்ள செஞ்சாத்தான் இந்த சுலபம். ஆறிடுச்சுன்னா தோல் கறியோட ஒட்டிக்கும். வயித்தைக் கீறும்போது கத்தி முனை உள்ள போகாம, ரெண்டு விரலை உள்ள விட்டு, நடுவுல கத்தியை மேல்நோக்கித் திருப்பி அறுக்கணும். குடலோ மூத்திரப்பையோ பித்தப்பையோ கிழிஞ்சா கறி பாழ். பித்தம் பட்ட இடம் கழுவினாலும் கசக்கும்.

எலிக்குப் பொசுக்குறது. அவ்வளவு சின்ன உடம்புல தோலை உரிச்சா மிஞ்சுறது ஒண்ணுமில்லை, இருக்குற கொழுப்பும் தோலோட போயிடும். அதனால நெருப்புல வாட்டி, மயிரைப் பொசுக்கி, கத்தியால சுரண்டிட்டு, அப்புறம் வயித்தைக் கீறிக் குடலை எடுக்குறது. பறவைக்கு இறகைப் பிடுங்கிட்டு லேசா வாட்டுறது. அவசரம்னா இறகும் தோலுமா சேர்த்தே உரிச்சுடுறது.

மூணுக்கும் பொது எதிரி நம்ம ஊரு வெயில். குளிர் நாட்டுல வேட்டையில அடிச்ச பறவையையும் முயலையும் நாள் கணக்குல தொங்கவிடுவாங்க, கறி மெத்துன்னு ஆகட்டும்னு. அதே வேலையைச் சித்திரை மாசம் திருவொற்றியூர்ல செஞ்சு பாருங்க, மறுநாள் காலையில தெருவே காலி ஆயிடும். இங்க வித்தைன்னாலே வேகம்தான். பிடிச்ச இடத்துலயே குடலை எடுக்கணும், வீட்டுக்கு வந்ததும் மஞ்சள், உப்பு, அடுப்பு.

எண்ணூருக்கு வந்த துரைகள்

19-ஆம் நூற்றாண்டுல எண்ணூர் மதராஸ் வெள்ளைக்காரங்களுக்கு ஒரு ஓய்வுத் தலம். இன்னைக்கு சாம்பலும் கன்டெய்னர் லாரியுமா இருக்குற ஊரைப் பார்த்துட்டு இதைப் படிச்சா சிரிப்பு வரும். உப்பங்கழியில படகு விடுறது, மீன் பிடிக்கிறதுன்னு நகரத்துல இருந்து கிளம்பி வருவாங்க. மதராஸைச் சுத்தி இருந்த நெல்வயல்கள்ல இன்னொரு பொழுதுபோக்கு இருந்துச்சு: உள்ளான் சுடுறது. நீளமான அலகு இருக்குற சின்னப் பறவை, மழைக்காலம் பொறக்கும்போது வடக்கே இருந்து வலசை வரும். பறக்கும்போது வளைஞ்சு வளைஞ்சு போகும், சுடுறது கஷ்டம். அதனாலயே துரைமாருக்கு அது மேல அவ்வளவு ஆசை.

உள்ளானை அவங்க சமைக்கிற முறையே தனி. இறகைப் பிடுங்கிட்டு, குடலை எடுக்காம, அதோட நீள அலகாலேயே உடம்பைக் குத்தி மடக்கிச் சுட்டு, வடியிற சாறுக்குக் கீழ ஒரு டோஸ்ட்டை வைப்பாங்க. குடலோட சாப்பிடுறதுதான் ருசின்னு ஐரோப்பாவுல ஒரு பழக்கம். நம்ம ஆளு பொசுக்குன எலியைப் பார்த்து முகம் சுளிக்கிறவங்க, இதை வெள்ளித்தட்டுல வச்சுச் சாப்பிட்டிருக்காங்க. ருசியும் அருவருப்பும் நாக்குல மட்டும் இல்லை, தட்டு யாருதுங்கிறதுலயும் இருக்கு.

இந்த சமையலறைகளைப் பத்தி எழுதின பிரபலமான ஆள், மதராஸ் குதிரைப்படையில இருந்த கர்னல் கென்னி-ஹெர்பர்ட். 'வைவெர்ன்' என்ற புனைபெயர்ல அவர் மதராஸ்வாசிகளுக்காக எழுதின சமையல் புத்தகத்தை 1878-ல ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டாங்க. அதுல அடுப்படியில நிக்குற தமிழ் சமையல்காரருக்கு ஒரே பேருதான்: ராமசாமி. எல்லா வீட்டு சமையல்காரரும் ராமசாமி. பறவையைப் பிடுங்கி, சுத்தம் பண்ணி, கட்டிச் சுட்டவருக்குன்னு ஒரு சொந்தப் பேரு அந்தப் புத்தகத்துல தேவைப்படலை.

உரிக்கிற வித்தை அடுப்படிக்கு மட்டும் இல்லாம அறிவியலுக்கும் போச்சு. மதராஸ் ராணுவ டாக்டரா இருந்த ஜெர்டன், 1843-47-ல மதராஸ்லயே பறவைகளைப் பத்தி ஓவியத்தோட புத்தகம் போட்டார். அப்புறம் 1862-64-ல இந்தியப் பறவைகளைப் பத்தின பெரிய நூல். அந்தக் காலத்துல பறவையைப் படிக்கணும்னா சுட்டு, தோலைக் கிழியாம உரிச்சு, உள்ள ஆர்சனிக் சோப்பு தடவி, பஞ்சு அடைச்சு வைக்கணும். ஆலன் ஆக்டேவியன் ஹியூம், ஆமா, காங்கிரஸ் ஆரம்பிச்ச அதே ஹியூம்தான், 1885-ல லண்டன் அருங்காட்சியகத்துக்குக் குடுத்த பறவைத் தோல் அறுபதாயிரத்துக்கும் மேல. சாலிம் அலி கதையும் இதே பாதைதான். பம்பாயில சிறுவனா இருந்தப்ப சாப்பிடுறதுக்காகக் குருவி சுட்டவர், தொண்டையில மஞ்சள் நிறம் இருந்த ஒரு குருவியை எடுத்துக்கிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கதான் பறவையை உரிச்சுப் பதப்படுத்தக் கத்துக்கிட்டார். சட்டிக்குப் போக வேண்டிய குருவி அலமாரிக்குப் போச்சு, நமக்கு ஒரு சாலிம் அலி கிடைச்சார்.

'சின்ன வேட்டை'யும் சட்டமும்

வேட்டைக்கு எதிரா முதல்ல குரல் குடுத்தது நகரத்துப் படிச்சவங்கன்னு நினைக்காதீங்க. வேடந்தாங்கல் ஏரியில சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டப்போ ஊர் ஜனங்க புகார் சொல்லி, 1798-ல செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் ஊருக்குப் பாதுகாப்பு உத்தரவு குடுத்தார். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்ங்கிறது விவசாயிக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அடுத்த பெரிய திருப்பம் 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம். நிறைய பேரு இந்த சட்டம் அன்னைக்கே வேட்டையை மொத்தமா நிறுத்திடுச்சுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. சட்டத்துல 'சின்ன வேட்டை'ன்னு ஒரு வகையே இருந்துச்சு, அதுக்குன்னு தனி லைசென்ஸும் இருந்துச்சு. முயல், கௌதாரி, காடை, உள்ளான் எல்லாம் அந்தப் பக்கம். எலி, காக்கா, பழந்தின்னி வவ்வால் எல்லாம் 'தொல்லை தரும் உயிர்கள்'னு வேற பட்டியல். 1991 திருத்தம்தான் லைசென்ஸ் முறையையே தூக்கிட்டு வேட்டையை முழுசா மூடுச்சு. 2022 திருத்தம் பட்டியல்களை மாத்தி அமைச்சு, பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பை 25,000-ல இருந்து 1 லட்சம் ரூபாயா ஏத்துச்சு. இன்னைக்கு காட்டு முயலோ கௌதாரியோ காட்டுக் காடையோ பிடிச்சா ஜெயில்தான். உடும்பு இன்னும் கடுமை.

சட்டம் தப்புன்னு நான் சொல்லலை. துப்பாக்கியும் ஜீப்பும் ராத்திரி லைட்டும் வந்த பிறகு எந்தக் காடும் தாங்காது. ஆனா ஒரு கணக்கு மட்டும் பாருங்க. லைசென்ஸ் வாங்கி உள்ளான் சுட்ட கனவான்களோட பிள்ளைங்க பைனாகுலரும் கேமராவும் வாங்கிட்டாங்க. வேட்டை நின்னதால அவங்க வீட்டு உலை நிக்கலை. கண்ணி வச்சுக் காடை பிடிச்ச குருவிக்காரங்களுக்கு? அவங்க பேரே தொழில் பேரு. கண்ணியைத் தூக்கிப் போட்டுட்டு பாசிமணி, ஊசின்னு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலைஞ்சாங்க. நரிக்கொரவன், குருவிக்காரன் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியல்ல சேர்ந்தது 2023-ல. 1972-ல இருந்து எண்ணிப் பாருங்க, அரை நூற்றாண்டு.

ட்ரைபல் நாலெட்ஜ்

எங்க ஆபீஸ்ல இந்த வார்த்தை தினமும் அடிபடும். எந்த டாகுமென்ட்லயும் இல்லாம, நாலு சீனியர் மண்டையில மட்டும் இருக்குற விஷயத்துக்கு 'ட்ரைபல் நாலெட்ஜ்'னு பேரு. அந்த ஆளு பேப்பர் போட்டுட்டுப் போனா புராஜெக்ட் அம்பேல். இந்த வார்த்தைக்கு நிஜமான அர்த்தம் எனக்குப் புரிஞ்சது இருளர்களைப் பத்திப் படிச்சப்போதான்.

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருளர்கள் ஒரு காலத்துல பாம்பு பிடிச்சுத் தோலுக்காக வித்தாங்க. மதராஸ்ல தோல் வியாபாரிங்க வாங்கி, பதனிட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. 1976-ல பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அந்த வருமானம் நின்னுபோச்சு. அப்போ ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல ஆரம்பிச்சதுதான் வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். பாம்பைப் பிடிச்சு, சில வாரம் வச்சிருந்து விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. அந்த விஷத்துல இருந்துதான் பாம்புக்கடி மருந்து. தடம் பார்த்துப் பாம்பு தேடுற அதே கண்ணு, அதே கை. உரிக்கிறதுக்கு பதிலா உயிர் காப்பாத்துற வேலைக்கு மாறுச்சு. 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. ராமசாமிகளுக்குப் பேரு கிடைக்க அவ்வளவு வருஷம் ஆச்சு பாருங்க.

எலிக் கதை இன்னும் சுவாரசியம். நெல்வயல்ல வரப்பு ஓரம் வளை பார்த்து, எந்த ஓட்டையில எலி இருக்கு, எந்த ஓட்டை அது தப்பிச்சு ஓடுறதுக்குன்னு கண்டுபிடிச்சு, மத்ததையெல்லாம் அடைச்சுட்டு, ஒரு மண்பானையில வைக்கோல் எரிச்சு, பானை ஓட்டையில வாயை வச்சு ஊதுவாங்க. புகை உள்ள போனதும் எலி மயங்கும், தோண்டி எடுத்துடலாம். வளைக்குள்ள எலி சேர்த்து வச்ச நெல்லும் கிலோ கணக்குல கிடைக்கும், அதுவும் அவங்களுக்கே. எயிற்றியர் மண்ணைக் கிண்டி அரிசி எடுத்தாங்கன்னு மேல சொன்னேனே, ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு அதே காட்சி. விவசாயி எலிக்கு இவ்வளவுன்னு காசும் குடுப்பார். கறியை நான் மேல சொன்ன மாதிரி பொசுக்கிச் சமைப்பாங்க.

பானையை வாயால ஊதி ஊதி உதடு பொள்ளும், கை சுடும், புகை நெஞ்சுல இறங்கும். இதுக்கு மாத்தா, கையால சுத்துற காத்தாடி வச்ச இரும்புப் புகைக்கருவியை சேது சேதுநாராயணன் நடத்தின ஒரு தொண்டு நிறுவனம் கொண்டு வந்தது. 2003-ல உலக வங்கியோட புதுமைப் போட்டியில அதுக்குப் பரிசும் கிடைச்சது. அந்தக் கருவியில புதுசா வந்தது காத்தாடி மட்டும்தான். எந்த ஓட்டையில வைக்கணும்ங்கிறது இருளர் மண்டையில இருந்து வந்தது. அதுக்கு எந்த மேனுவலும் கிடையாது.

சுத்தம் பண்ற வித்தையிலயும் இந்த மாதிரி விஷயம் ஒளிஞ்சிருக்கு. எலி மூத்திரம் வழியா எலிக்காய்ச்சல் பரவும்னு டாக்டருங்க சொல்றாங்க. கையில காயம் இருந்தா கிருமி உள்ள போயிடும். முதல்ல நெருப்புல வாட்டு, மூத்திரப்பை கிழியாம எடு, குடலைத் தள்ளிப் போடு, நல்லா வேகவைன்னு இருக்குற வரிசை, கிருமின்னு ஒரு வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே இருந்த பாதுகாப்பு விதி.

கடைசியா மிஞ்சினது காடை

அப்போ இன்னைக்கு சட்டத்துக்கு உட்பட்டு இந்த வித்தையைக் கத்துக்க வழி இருக்கா? இருக்கு, பண்ணைக் காடை. ஜப்பானியக் காடை 1970கள்ல இந்தியாவுக்கு வந்தது. நம்ம சென்னை நந்தனத்துல இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம் 'நந்தனம் காடை'ன்னே ரகங்களை உருவாக்குச்சு. 17, 18 நாள்ல குஞ்சு பொரிக்கும், அஞ்சு வாரத்துல கறிக்கு ரெடி, எடை கிட்டத்தட்ட 200 கிராம். 2011-ல புதுசா காடைப் பண்ணை வைக்கக் கூடாதுன்னு மத்திய அரசு நிறுத்தி வச்சது. காடை வனஉயிர்ப் பட்டியல்ல இருக்கே, பண்ணையில வளர்ந்தாலும் காடை காடைதானேன்னு குழப்பம். 2013 கடைசியில விலக்கு குடுத்த பிறகுதான் பண்ணைக்காரங்களுக்கு மூச்சு வந்துச்சு.

திருவொற்றியூர்ல எனக்குத் தெரிஞ்ச கறிக்கடை அண்ணன்கிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை நின்னு காடை உரிக்கக் கத்துக்கிட்டேன். "தம்பி, கத்திய நம்பாத, கட்டைவிரல நம்பு"ன்னார். இறக்கை மூட்டு, கால் மூட்டு, கழுத்து மூணையும் கத்திரியால நறுக்கணும். நெஞ்சுக்கு மேல தோலைக் கிள்ளிக் கிழிச்சு, கட்டைவிரலை உள்ள விட்டு ரெண்டு பக்கமும் தள்ளினா இறகோட சேர்ந்து சட்டை மாதிரி கழண்டு வரும். முதுகெலும்பு ஓரமா கத்திரியால வெட்டி விரிச்சு, குடலை ஒரே இழுப்புல எடுக்கணும். ஈரலும் இருதயமும் கல்லீரப்பையும் தனியா. கல்லீரப்பையை ரெண்டாப் பிளந்து மஞ்சள் தோலை உரிச்சு எறியணும். அவருக்கு ஒரு காடைக்கு இருபது செகண்டு. எனக்கு அஞ்சாவது காடையில நாலு நிமிஷம். ஆனா அந்த நாலு நிமிஷத்துல ஒரு உயிர் கறியா மாறுறது என்னன்னு விரல் நுனியில தெரிஞ்சது. அதுக்கப்புறம் தட்டுல கறியை மிச்சம் வைக்க மனசு வரலை.

எண்ணூர் இன்னைக்கு

இவ்வளவு எழுதிட்டு ஒண்ணைச் சொல்லாம போனா நியாயம் இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிடிக்கிறதுக்கு இங்க என்ன மிஞ்சியிருக்கு? 1970-ல எண்ணூர் அனல்மின் நிலையம், 1994-ல வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல எண்ணூர் துறைமுகம். துரைங்க படகு விட்ட கழியில சாம்பல் கலந்த சேறு. 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்தப்போ, எண்ணூர்ல கூழைக்கடாக்கள் இறக்கை கறுத்துப் போய் நின்ன போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஒரு கண்ணி கூட வைக்காம, ஒரு தோட்டா கூட செலவு பண்ணாம நடந்த வேட்டை அது. அதுக்கு எந்தப் பட்டியல்ல இடம் இருக்குன்னு தெரியலை.

அந்தக் கழியில இன்னைக்கும் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில உக்காந்து, சேத்துல கையால தடவி இறால் பிடிக்கிறாங்க. பனை ஓலையில பின்னின பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ரெண்டு கையும் தண்ணிக்குள்ள. பாம்பு விஷத்துக்கு ஒரு சங்கம் வந்த மாதிரி, இந்தக் கைகளுக்கும் ஒரு வழியை யாராவது யோசிச்சா அந்த வித்தை பிழைக்கும். இல்லைன்னா கழியோட சேர்ந்து அதுவும் போகும். அதுக்கு பேக்கப் கிடையாது மக்கா.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் உண்டிவில்லைத் தூக்கிட்டு முயல் பிடிக்கக் கிளம்பிடாதீங்க. காட்டு முயல், காட்டுக் காடை, உடும்பு எல்லாம் சட்டப்படி குத்தம். கத்துக்கணும்னு ஆசை இருந்தா பண்ணைக் காடை அரை டஜன் வாங்குங்க, வீட்டுல கத்திரியை ஒளிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிங்க.